சுல்தானாவின் ஒட்டு

எந்தச் சாமான் வாங்கினாலும் அதோடு வரும் உத்தரவாதச் சீட்டைக் கடைசி வரியிலிருந்து படிப்பது என் வழக்கம். முதல் வரியில் கம்பெனிக்காரர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஏற்றுக்கொண்டிருப்பார். கடைசி வரிக்கு வருவதற்குள் ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டிருப்பார். அளவுக்கு மீறிச் சூடேறினால் பொறுப்பல்ல. வேறு ஆளிடம் பழுது பார்த்தால் பொறுப்பல்ல. இந்த இரண்டு ஷரத்துகளையும் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுல்தானா என்ற படகின் ஞாபகம் வருகிறது.

படகு என்றதும் நம் ஊர்த் தோணியை நினைத்துவிட வேண்டாம். 1863-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் கட்டிய நீராவிப் படகு அது. 260 அடி நீளம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ராட்சதச் சக்கரங்கள், அடுக்கடுக்காக மேல்தளங்கள். மிஸ்ஸிஸிப்பி நதியில் ஸெயிண்ட் லூயிக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடியது. சட்டப்படி 376 பேர் ஏறலாம். 1865 ஏப்ரல் 12-ம் தேதி சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் ஸெயிண்ட் லூயியில் அதன் பாய்லர்களைச் சோதித்தார்கள். சதுர அங்குலத்துக்கு 145 பவுண்டு அழுத்தம் வரை போகலாம் என்று சர்டிபிகேட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சர்டிபிகேட்டில் மை காய்ந்து பதினைந்து நாள் ஆவதற்குள் படகே இல்லாமல் போயிற்று.

அந்தப் பாய்லர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய பாய்லர்களுக்குள்ளே தீயின் புகை போக இரண்டு பெரிய குழாய்கள் இருக்கும். சுல்தானாவில் புது மாதிரி: நான்கு பாய்லர்கள், ஒவ்வொன்றிலும் 24 சிறு குழாய்கள். குழாய்க்குள்ளே நெருப்பின் புகை, வெளியே சுற்றிலும் தண்ணீர். விறகு குறைவு, நீராவி அதிகம், முதலாளிக்கு லாபம். ஆனால் மிஸ்ஸிஸிப்பித் தண்ணீர் வண்டல் தண்ணீர். அந்த நெருக்கமான குழாய்களுக்கு இடையே சேறு படிந்து, வெந்து, ஓடுபோல் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுப்பது லேசான காரியமல்ல.

அடுப்பில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறவரை அதற்கு ஆபத்தில்லை. வற்றியதும் அடி சிவந்துவிடுகிறது. தொடர்கதை படிக்கும் சுவாரஸ்யத்தில் வெந்நீரை மறந்துவிட்டவர்களுக்கு இது தெரியும். பாய்லர் விஷயமும் அதுதான். சேறு ஒட்டிய இடத்தில் தண்ணீர் இரும்பைத் தொடாது. இரும்பு காய்ந்து, இளகி, உள்ளேயிருக்கும் அழுத்தத்தில் உப்பிக்கொண்டு வரும்.

அப்படி ஓர் உப்பலோடும் கசிவோடும்தான் ஏப்ரல் 23-ம் தேதி சுல்தானா விக்ஸ்பர்க் துறைக்கு வந்து சேர்ந்தது. அங்கே டெய்லர் என்ற பாய்லர் மிஸ்திரி வந்து பார்த்தார். உப்பிய தகடுகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அதற்குச் சில நாட்கள் ஆகும் என்றார். காப்டன் மேஸனுக்கு நாட்கள் இல்லை. உள்நாட்டு யுத்தம் முடிந்து, தெற்கத்திச் சிறைகளான கஹாபாவிலிருந்தும் ஆண்டர்ஸன்வில்லிலிருந்தும் விடுதலையான வடக்கத்திச் சிப்பாய்கள் விக்ஸ்பர்க்கில் காத்திருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் கட்டணம் கொடுத்தது. பழுது பார்த்து முடிப்பதற்குள் வேறு படகு அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஸெயிண்ட் லூயி போனதும் முழு வேலையும் செய்துகொள்கிறேன் என்று காப்டன் வாக்குக் கொடுத்தார். மிஸ்திரி 26 அங்குலத்துக்கு 11 அங்குலத்தில் ஒரு தகட்டை வெட்டி, உப்பலைத் தட்டி உள்ளே அனுப்பி, மேலே ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். ஒட்டுத் தகடு பழைய தகட்டைவிட மெல்லியது. ஆனாலும் 145 பவுண்டு சர்டிபிகேட் சுவரில் தொங்கிக்கொண்டேதான் இருந்திருக்கும். இன்ஸ்பெக்டர் உத்தரவாதம் கொடுத்தது வேறு பாய்லருக்கு என்பதைச் சர்டிபிகேட் அறியுமா?

ஏப்ரல் 24 இரவு படகு புறப்பட்டபோது அதில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். சிறையில் எலும்பும் தோலுமாகிவிட்ட மனிதர்கள், நிற்கவும் இடமில்லாமல். மேல்தளங்கள் பாரம் தாங்காமல் வளைய, முட்டுக் கொடுத்தார்கள். அதே துறையில் வேறு படகுகள் ஏறக்குறைய வெறுமையாக நின்றன. யார் யார் எவ்வளவு கையூட்டு வாங்கினார்கள் என்பது பற்றிப் பேச்சுக்குக் குறைவில்லை.

மேலே பாரம் கூடினால் படகு இப்படியும் அப்படியும் சாயும். நான்கு பாய்லர்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. படகு சாய்ந்தால் மேட்டுப் பக்கத்துப் பாய்லரின் தண்ணீர் பள்ளத்துப் பக்கம் ஓடும். காய்ந்த இரும்பு சிவக்கும். படகு நிமிர்ந்ததும் தண்ணீர் அதன்மேல் பாய்ந்து ஒரே நொடியில் நீராவியாகும். ஏப்ரல் 27 அதிகாலை சுமார் இரண்டு மணிக்கு, மெம்ஃபிஸுக்குச் சில மைல் வடக்கே, பாய்லர்கள் வெடித்தன. பழி எதன்மேல்? ஒட்டின்மேலா, சேற்றின்மேலா, சாய்வின்மேலா என்று நிபுணர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஒரு தெற்கத்தி உளவாளி நிலக்கரிக்குள் குண்டு வைத்தான் என்ற கதையும் உண்டு. அதைப் பெரும்பாலோர் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. மூன்று காரணங்கள் கைவசம் இருக்கும்போது நாலாவதை எதற்குத் தேட வேண்டும்?

வசந்த வெள்ளத்தில் நதி கரைகாணாமல் விரிந்து கிடந்தது. தண்ணீர் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. படகில் வளர்த்த ஒரு முதலையைக் குத்திக் கொன்றுவிட்டு, அது இருந்த மரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிப்பாய் உயிர் தப்பினான். செத்தவர்கள் 1,100-க்குக் குறையாது. சுங்க இலாகாவின் கணக்கு 1,547. பத்திரிகைகளுக்கு இது பெரிய செய்தியாகவில்லை. லிங்கன் இறந்து பன்னிரண்டு நாள். அவரைச் சுட்டவனைச் சுட்டுக் கொன்றது முந்தின நாள். விசாரணை நடந்தது. காப்டன் மேஸன் படகோடு போய்விட்டார். ஸ்பீட் என்ற ராணுவ அதிகாரி ஒருவர்மேல் மட்டும் குற்றம் சாட்டித் தீர்ப்பும் சொன்னார்கள். பிறகு அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்துவிட்டார்கள்.

சுல்தானாவில் இருந்த மாதிரியே பாய்லர் பொருத்திய வேறு இரண்டு படகுகள் 1866 தொடக்கத்தில் வெடித்த பிறகுதான், கீழ் மிஸ்ஸிஸிப்பியில் அந்த மாதிரியைக் கைவிட்டார்கள். அதே வருஷம் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஒரு கம்பெனி தோன்றிற்று. பாய்லர்களைப் பற்றி 1857 முதல் கூடிப் பேசி வந்த சில இளைஞர்கள், இங்கிலாந்தில் மான்செஸ்டர்காரர்கள் செய்ததைப் பார்த்து ஆரம்பித்தது: ஹார்ட்ஃபர்ட் நீராவிப் பாய்லர் சோதனை, இன்ஷூரன்ஸ் கம்பெனி. பெயரில் சோதனை முன்னால் வருவதைக் கவனியுங்கள். பாலிசி கொடுத்துவிட்டு வெடிக்கும்வரை காத்திருப்பவர்கள் அல்ல இவர்கள். கம்பெனியின் ஆள் பாய்லருக்குள்ளே தவழ்ந்து போவான். சுத்தியலால் தட்டிக் கேட்பான். படிவத்தைச் சுரண்டிப் பார்ப்பான். சந்தேகமாக இருந்தால் பாலிசி கிடையாது. வாங்கிய பணத்தில் சோதனைக்குச் செலவழித்ததே அதிகம். நஷ்ட ஈட்டுக்குப் போனது குறைவு. சர்க்கார் சர்டிபிகேட் கொடுத்தவருக்குப் பாய்லர் வெடித்தால் தன் பையிலிருந்து காசு போகாது, இவருக்குப் போகும்.

மிஸ்ஸிஸிப்பி நதி பிறகு தன் பாதையை மாற்றிக்கொண்டது. 1982-ல் ஆர்கன்ஸாஸ் பக்கம் ஒரு சோயா மொச்சை வயலுக்கு அடியில், சுமார் 32 அடி ஆழத்தில், கரிந்த மரமும் பலகைகளும் அகப்பட்டன. அவை சுல்தானாவினுடையவை என்று நம்புகிறார்கள்.