கக்கின பிள்ளைக்கு என்ன மருந்து?

நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி வசம்பு கேட்டால், எழுந்து கொடுக்காத மருந்துக் கடைக்காரருக்கு ஒரு காலத்தில் அபராதம் உண்டு. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஒயிட்லா எயின்ஸ்லி இந்த வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். உள்ளூர் மருந்துகளைப் பற்றிய அவருடைய ‘மெட்டீரியா இண்டிகா’ 1826இல் லண்டனில் அச்சாயிற்று. கைக்குழந்தையின் வயிற்றுக் கோளாறுக்கு வசம்பு அந்தக் காலத்தில் அத்தனை அவசரமான சரக்கு.

சேலம் 1792இலேயே கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆனால் தொட்டில் பிள்ளையின் வைத்தியம் அம்மாயியின் கையை விட்டு எங்கும் போகவில்லை. வசம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து, விளக்குச் சுடரில் கரியாகச் சுட்டு, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். மிச்சம் தொப்புளைச் சுற்றிப் பூசப்படும். சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் சேர்ந்தால் உரை மருந்து. சில பிள்ளைகளின் கையில் வசம்பே வளையலாகக் கிடக்கும். பால் நிற்காமல் வாந்தியெடுத்தால் உள்ளே சிக்கிக்கிடப்பதாகச் சொல்லப்படும் தொக்கத்தை எடுப்பவரைத் தேடிப் போவதும் சேலம், நாமக்கல் பக்கத்தில் உண்டு.

இத்தனைக்கும் அதே கிழவிகள் ‘கக்கின பிள்ளை தக்கும்’ என்றும் சொன்னார்கள். உடற்கூறு அவர்கள் பக்கம்தான். உணவுக்குழாயின் அடியிலுள்ள வளைதசை பிறந்த சில மாதங்களுக்கு அடிக்கடி தளர்ந்துகொடுக்கும். குடிப்பது முழுக்கப் பால், கிடப்பது முழுக்கப் படுக்கை. குடித்ததில் கொஞ்சம் மேலே வராமல் இருந்தால்தான் அதிசயம். நான்காம் மாத வாக்கில் மூன்றில் இரண்டு குழந்தைகள் கக்குகின்றன. ஒரு வயதில் மிகச் சில குழந்தைகளே. எடை ஏறிக்கொண்டிருந்தால் அது நோயே அல்ல. ‘தக்கும்’ என்று சொன்னவர்களாலும் சும்மா இருக்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு வேடிக்கை சேலத்து மண்ணிலேயே கிடக்கிறது. மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், வேதியியலில் மெக்னீசியம் கார்பனேட். வயிற்று அமிலத்தைத் தணிக்கும் பொருள். அயர்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் மர்ரே 1829இல் மெக்னீசியாவைத் திரவமாக்கி நோயாளிக்குக் கொடுத்தார். 1873இல் சார்லஸ் பிலிப்ஸ் அமெரிக்காவில் ‘மில்க் ஆஃப் மெக்னீசியா’வுக்கு உரிமை வாங்கினார். சேலத்து வெள்ளைக்கல்லோ பெரும்பாலும் உருக்காலை உலைகளுக்கான செங்கல்லாகப் போனது.

குழந்தைகளுக்கு வந்தது வேறு புட்டி. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் 1851இல் தயாரித்த கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே 3.6 சதவீதம் சாராயம். பிள்ளை ஏன் சட்டென்று அடங்கிற்று என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இந்தியாவில் அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது, பின்னாளில் மத்திய நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி சென்னையில் தொடங்கிய டி.டி.கே. குழுமம். பாட்டிக்கும் அவள் பாட்டிக்கும் இதையேதான் கொடுத்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போகும் அதன் டி.வி. விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். உரைகல்லின் இடத்தில் புட்டியை உட்கார வைத்த சாமர்த்தியமான விளம்பரம் அது. பிரிட்டனில் 1992இல் சாராயம் நீக்கப்பட்டது. வசம்புக்கு அதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது: அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையின் நாட்டு மருந்துக் கடைகளுக்கு அந்தச் சேதி எட்டியதாகத் தெரியவில்லை.

அடுத்து சீட்டெழுதிக் கொடுக்கும் மருந்துகளின் காலம். குடலை முடுக்கிவிடும் சிசாப்ரைடை 1990களில் உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் எழுதித் தள்ளினார்கள். அது இதயத்துடிப்பைக் குலைக்கும் என்று தெரிந்து 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியா தடை செய்தது 2011 பிப்ரவரியில். பத்தாண்டுக்கும் மேலான அந்தத் தாமதத்துக்கு நல்ல காரணம் சொல்வது கடினம். அதே வகையைச் சேர்ந்த டாம்பெரிடோன் இங்கே இன்னும் ஓடுகிறது. பிரிட்டனோ பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயனில்லை என்று 2019இல் அதை நிறுத்திவிட்டது. அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடினில் புற்றுநோய் அபாயமுள்ள என்.டி.எம்.ஏ. என்ற மாசு 2019இல் தெரியவந்தது. 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அதன் பெயர் போயிற்று.

எஞ்சியது ஒமெப்ரசோல், லான்சோப்ரசோல் குடும்பம். அமிலத்தை அடக்குவதில் கெட்டிக்கார மருந்துகள். ஆனால் 162 கைக்குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், லான்சோப்ரசோல் குடித்தவர்களில் 54 சதவீதத்தினரின் அழுகை குறைந்தது. வெறும் போலி மருந்து குடித்தவர்களிலும் அதே 54 சதவீதம். நுரையீரல் தொற்று போன்ற கடும் தொந்தரவுகள் மருந்து குடித்த பக்கம்தான் அதிகம்.

அதனால் 2018இல் வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் சங்கங்கள் சேர்ந்து வகுத்த நெறிமுறை, நன்றாக வளர்ந்துகொண்டு பாலை மட்டும் கக்கும் குழந்தைக்கு அமில மருந்தே வேண்டாம் என்கிறது. அளவுக்கு மீறி ஊட்டாமல் இருப்பது, பாலைக் கெட்டியாக்கிப் பார்ப்பது, பிறகு சில வாரம் பசும்பால் புரதத்தைத் தவிர்த்துப் பார்ப்பது என்பதே வரிசை. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண் தெரிந்தால் ஒமெப்ரசோல் வகைக்கு இடமுண்டு. எடைக்கேற்ற அளவில், நான்கு முதல் எட்டு வாரம் கொடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். வாந்தி பச்சையாக வந்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, எடை இறங்கினாலோ உரைகல்லும் வேண்டாம், புட்டியும் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.