உகாண்டாவின் உள்ளங்கைக் கணினி

கிராமச் சுகாதார நிலையத்தில் தாளில் எழுதிய நோய்க் கணக்கு தலைநகரை எட்டுவதற்குள், காய்ச்சல் பக்கத்து ஊருக்கும் பரவிவிடக்கூடும். கிழக்கு ஆப்பிரிக்க நாடான உகாண்டாவில் இந்தத் தாமதத்தைக் குறைக்க, 2003இல் தொடங்கிய திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு 'பாம்' எனும் உள்ளங்கைக் கணினிகள் தரப்பட்டன.

விவரங்களை அதில் பதிந்து, நிலையத்திலுள்ள சிறு பெட்டியின் முன் நீட்டினால் போதும். அகச்சிவப்புக் கதிர் வழியே பெட்டிக்குள் சென்று, அங்கிருந்து செல்பேசி அலைவரிசையில் கம்பாலாவிலுள்ள சர்வருக்குப் போய்விடும். மின்சாரம் இல்லாத இடங்களில் சூரிய ஒளியில் சார்ஜ் செய்துகொண்டார்கள்.

நாம் பெரிதாகக் கருதுவது, அதே பாதையில் திரும்பி வந்ததைத்தான். கணக்கை மட்டும் கேட்டு வாங்கும் அலுவலகங்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். இங்கோ மலேரியா, எய்ட்ஸ் போன்ற நோய்களுக்கான சிகிச்சைக் குறிப்புகள், மருத்துவ நூல் எட்டாத ஊரிலிருந்த பணியாளரின் கைக்கே வந்து சேர்ந்தன.