ரிச்சர்ட் கெல்லியும் என் அம்மாவும்

ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி தப்பாமல் வரும்.

"தம்பி, அகமதாபாத்துல என்ன வேலை?"

"லைட்டிங் டிசைன், மாமா."

"ஓ... கல்யாணத்துக்கு சீரியல் செட் போடறதா?"

ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். இப்போதெல்லாம் "ஆமாம் மாமா, அது மாதிரிதான்" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறேன் :-)

ஒரு கட்டடத்தில் எங்கே, எவ்வளவு, எந்த நிறத்தில் வெளிச்சம் வேண்டும், அது கண்ணைக் குத்தாமல் எப்படி விழ வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற வேலை என்னுடையது. இதற்கெல்லாம் தனி ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கேள்வியின் சரித்திரத்தைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் சொந்தக் கதை கொஞ்சம்.

2016-ல் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனோம். எல்லா அறையிலும் கூரையில் பளீரென்று வெள்ளை எல்.இ.டி. பேனல், பில்டர் போட்டுக் கொடுத்தது. மாயவரத்திலிருந்து அம்மா இரண்டு மாதம் இருப்பதாக வந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஹாலில் உட்கார மாட்டார்கள், இருட்டில் பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ராத்திரி தூக்கமும் இல்லை. ஊர் ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றே வாரத்தில் "கிளம்பறேம்ப்பா" என்றார்கள். நவஜீவனில் ஏற்றிவிடும்போதுதான் வாயைத் திறந்தார்கள். "வீட்டு வெளிச்சம் கண்ணைக் குத்துதுப்பா. சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லலை."

அடுத்தவர் கண் கூசக்கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

எடிசன் 1879-ல் பல்பை எரிய வைத்த பிறகு, வெகுகாலத்துக்கு எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு வெளிச்சம்? சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-லிருந்து 1927 வரை இதை வைத்தே சோதனை நடத்தினார்கள். விளக்கைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று. கூடியது. ஆனால் விளக்கில் கையே வைக்காத இன்னொரு குழுவிலும் கூடியது! எவ்வளவு என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மனிதர்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் மிச்சம். ஆனாலும் 1938-ல் ப்ளாரசண்ட் ட்யூப் விற்பனைக்கு வந்ததும் மலிவாக நிறைய வெளிச்சம் கிடைத்தது, கேள்வி மாறவில்லை.

மாற்றிக் கேட்டவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் கெல்லி. 1910-ல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். 1935-ல் நியூயார்க்கில் தொழில் தொடங்கினார். வெளிச்சத்துக்கு யோசனை சொன்னால் யாரும் காசு கொடுக்கத் தயாரில்லை. விளக்கு விற்றால் வாங்கிக்கொள்வார்கள். அதனால் விளக்கு விற்றுக்கொண்டே யோசனை சொன்னார். கட்டடக்காரர்களிடம் பேச அவர்கள் பாஷை வேண்டும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1944-ல் பட்டமும் வாங்கினார்.

அவருக்கு வந்த ஒரு சிக்கல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1949-ல் பிலிப் ஜான்சன் என்ற கட்டடக்கலைஞர் கனெக்டிகட்டில் தனக்கு நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்து வீடு கட்டிக்கொண்டார். பகலில் பிரமாதம். ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டால் கண்ணாடி முழுக்கக் கறுப்பாகி, தன் முகமே தனக்குத் தெரியும். ரயிலில் ராத்திரி ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும். நாமாக இருந்தால் இன்னும் நாலு விளக்கு போட்டிருப்போம். கெல்லி உள்ளே இருந்த வெளிச்சத்தைக் குறைத்தார். வெளியே மரங்களுக்கும் புல்தரைக்கும் விளக்கு வைத்தார். கண்ணாடி மறுபடி கண்ணாடி ஆனது, தோட்டம் தெரிந்தது.

1952-ல் ஒரு கட்டுரையில் வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்தார். ஓரிடத்தில் குவிந்து "இங்கே பார்" என்று சொல்வது ஒன்று. நிழலே விழாமல் இடம் முழுக்கப் பரவி மனசைச் சாந்தமாக்குவது இரண்டாவது. மினுமினுத்துக் கண்ணுக்கு உற்சாகம் தருவது மூன்றாவது. நான் என் பாணியில் ஊர் வீட்டை வைத்துப் புரிந்துகொண்டேன். தாத்தா கணக்கு எழுதின மேஜை விளக்கு முதல் வகை. மழை மூட்டமான நாளில் முற்றத்தில் இறங்கும் வெளிச்சம் இரண்டாவது. குத்துவிளக்குச் சுடர் பித்தளையில் ஆடுவது மூன்றாவது. மூன்றும் அளவாகக் கலந்தால்தான் வீடு.

கெல்லிக்கும் எங்கள் அகமதாபாத்துக்கும் நடுவே ஒரு பாலம் உண்டு: லூயி கான். இங்குள்ள ஐ.ஐ.எம். வளாகத்தை 1962-லிருந்து வடிவமைத்தவர். செங்கல் சுவர்களில் பெரிய பெரிய வட்டத் திறப்புகள், அதற்குப் பின்னால் ஆழமான தாழ்வாரம். குஜராத் வெயில் நேராக அறைக்குள் பாயாமல் வெளியிலேயே வடிகட்டப்படும். அதே கானுடன் சேர்ந்து கெல்லி செய்ததுதான் டெக்சாஸில் 1972-ல் திறந்த கிம்பெல் அருங்காட்சியகம். வளைந்த கான்கிரீட் கூரையின் உச்சியில் இரண்டரை அடி அகலத்தில் நீளமாக ஒரு திறப்பு. டெக்சாஸ் வெயில் அப்படியே இறங்கினால் ஓவியங்கள் என்ன ஆவது? கெல்லி அதற்குக் கீழே சல்லடை மாதிரித் துளையிட்ட வளைந்த அலுமினியத் தகட்டை வைத்தார். வெயில் தகட்டில் பட்டுக் கூரைக்கு ஏறி, அங்கிருந்து வெள்ளிபோல மெதுவாக இறங்குகிறது. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் இறந்துபோனார். கெல்லி 1977-ல் காலமானார்.

இவர்கள் அனுபவத்தில் உணர்ந்த விஷயத்துக்கு விஞ்ஞானமும் பின்னால் வந்து சேர்ந்தது. பார்ப்பதற்கான செல்களைத் தவிர, விழித்திரையில் இன்னொரு வகைச் செல்லும் தானாகவே ஒளியை உணர்கிறது என்று 2002-ல் நிரூபித்தார்கள். அதன் முக்கியமான வேலை, இது பகலா ராத்திரியா என்று மூளைக்குச் சொல்வது. நீலம் கலந்த ஒளிக்கு அதிகம் அசையும். ராத்திரி பத்து மணிக்குப் பளீர் வெள்ளை விளக்கைப் போட்டால், அதைப் பொறுத்தவரை இன்னும் பொழுது சாயவில்லை!

வயதான கண்ணில் இன்னொரு சங்கடம். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆக, வெளிச்சம் அதிகம் வேண்டும். ஆனால் லென்ஸ் மங்குவதால் ஒளி உள்ளே சிதறி, கூச்சமும் அதிகமாகும். வெளிச்சம் வேண்டும், விளக்கு கண்ணில் படக்கூடாது. அம்மாவின் பிரச்சினை இதுதான். எவ்வளவு என்று அளக்க என் பையில் லக்ஸ் மீட்டர் இருந்தது. எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

பிறகு ஹாலில் பேனலைக் கழற்றினேன். சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி மஞ்சள் சாய்ந்த 2700 கெல்வின் விளக்குகள், அம்மா உட்கார்ந்து படிக்கும் நாற்காலிக்குத் தனியாக ஒரு விளக்கு, பாத்ரூம் போகும் வழியில் தரையோரம் சின்னதாக ஒன்று. ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குகூட ஆகவில்லை.

அடுத்த வருஷம் அம்மா வந்தார்கள். இரண்டு மாதமும் இருந்தார்கள். சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள், என் பையனுடன் சண்டை போட்டார்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஊரிலிருந்து உங்கள் வீட்டுக்கும் பெரியவர்கள் வருவார்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு, அவர்கள் உட்காரும் இடத்தில் நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.