டிக்டாக் வழக்கு, மதுரை (2019)

கம்பம் உள்ளிட்ட தேனி மாவட்டம், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் வரம்புக்குள் வருவதாகும். சிறுவர்களைத் தகாத இணைய உள்ளடக்கத்திலிருந்து காப்பது தொடர்பான முக்கிய வழக்கு ஒன்று அங்குதான் நடந்தது.

டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு, 2019 ஏப்ரல் 3 அன்று நீதிபதிகள் என். கிருபாகரன், எஸ். எஸ். சுந்தர் ஆகியோர் நடுவண் அரசுக்கு உத்தரவிட்டனர். ஆபாசக் காட்சிகளும், அறிமுகமற்றோர் சிறுவர்களைத் தொடர்புகொள்ளும் ஆபத்தும் காரணங்களாகக் கூறப்பட்டன. அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்டது போன்ற சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம் இங்கும் வருமா என்றும் நீதிமன்றம் வினவியது. கூகுளும் ஆப்பிளும் செயலியை நீக்கின. ஆயினும், முன்பே பதிவிறக்கியோரின் கைப்பேசிகளில் அது தொடர்ந்து இயங்கியது. ஏப்ரல் 24 அன்று தடை விலக்கப்பட்டது.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை நடுவண் அரசு தடை செய்தது. அதற்குக் கூறப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. சிறுவர் நலன் அன்று. அதே ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட, கைப்பேசியே வகுப்பறையானது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது.

எனினும், பிள்ளை எதைப் பார்க்கிறது என்பதைச் சட்டம் வீட்டிற்குள் வந்து கவனிக்க இயலாது. கம்பம் பகுதியில் ஏலத்தோட்ட வேலைக்கு விடிகாலையில் ஜீப்பில் புறப்படும் பெற்றோருக்கு இந்தக் கவனிப்பே பெருஞ்சுமை. கைப்பேசியைப் பறிப்பதைவிட, கண்டதை அச்சமின்றி வந்து சொல்லும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்துவதே நிலைத்த காவலாகும்.