கறுப்பான முத்திரை

காரின் முகப்பு முத்திரையைக் கறுப்பாக்கும் நாட்டம் அண்மைக்காலத்ததாகத் தோன்றினும், அதற்குப் புகழ்பெற்ற முன்னோடி இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் முத்திரையில் பின்னிய இரு ‘ஆர்’ எழுத்துகளே. தொடக்கத்தில் சிவப்பாயிருந்த அவை 1930களின் முற்பகுதியில் கறுப்பாயின. நிறுவனர்களுள் ஒருவரான ஹென்றி ராய்ஸ் 1933 ஏப்ரலில் மறைந்தமையால், அது துக்கக்குறி என்ற கதை பரவி இன்றும் ஓயாமல் சொல்லப்படுகிறது. ஆனால், வாங்குவோர் விரும்பிய வண்டி நிறங்களோடு சிவப்பு ஒவ்வாததால் ராய்ஸ் உயிரோடிருந்தபோதே இந்நிறமாற்றத்துக்கு இசைந்திருந்தார் என்பதே நம்பத்தக்க விளக்கம். கதையின் சுவை அதற்கு இல்லைதான். முத்திரையைக் கறுப்பாக்குவதோ எளிதன்று: 1920களின் பிற்பகுதியிலிருந்து கார்களில் பரவிய குரோம் முலாம், அதாவது நிக்கல் பூச்சின்மேல் மின்சாரத்தால் படியவைக்கப்படும் மெல்லிய குரோமியப் படலம், வழுவழுப்பானதாகையால் அதில் வண்ணம் எளிதில் பற்றுவதில்லை. ஆகவே வீட்டில் கறுப்பாக்க முனைவோர் முதலில் அதைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குகின்றனர். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமோ 2016இல் ‘பிளாக் பேட்ஜ்’ வரிசையை வெளியிட்டு, தன் கார்களின் முகப்பில் நிற்கும் பதுமையையே கறுப்பாக்கிவிட்டது.