‘மனு வரவில்லை’ என்றால்: உழவர் நிதியுதவியும் அஞ்சல் சான்றும்

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் நிலவுடைமை உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்குகிறது. பெயர் எந்த நான்கு மாதக் காலத்தில் பதிவேற்றப்படுகிறதோ, அதிலிருந்தே உரிமை தொடங்கும். எனவே தாமதமாகும் ஒவ்வொரு காலத்திற்கும் ஒரு குடும்பம் 2,000 ரூபாயை இழக்கிறது.

01.02.2019 அன்று நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கே இத்திட்டம் பொருந்தும். அதன்பின் வாரிசுரிமையால் நிலம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. பாட்டனார் பெயரிலேயே பட்டா தங்கிவிட்ட தலித் குடும்பத்திற்கு, ஆகவே, பட்டா மாறுதல் மனுவே முதற்படி. அம்மனுவை வட்டாட்சியர் மறுத்தால், 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் கீழ்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் செய்யலாம். ஆனால் ‘மனுவே வரவில்லை’ என்று கூறப்பட்டால் ஆணை பிறக்காது. ஆணையின்றி மேல்முறையீடு இல்லை. மனு அனுப்பியதை மெய்ப்பிப்பதே இங்கு உரிமையின் வாயில்.

சட்டம் மனுதாரருக்குத் துணைநிற்கிறது. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பிய கடிதம் உரிய காலத்தில் சேர்ந்ததாகவே பொது வாசகங்கள் சட்டத்தின் (1897) 27ஆம் பிரிவு அனுமானிக்கிறது. 2007இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தை உறுதிசெய்தது. சேரவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை மறுப்பவரையே சாரும். சாதாரண அஞ்சலுக்கு வழங்கப்பட்ட ‘அஞ்சல் சான்று’ 2011இல் நிறுத்தப்பட்டது. வெறும் தபால்தலை ஒட்டிய உறைக்கு இன்று சான்று ஏதுமில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. எனவே விரைவு அஞ்சலில் அனுப்பும்போது ‘பதிவு’ வசதியையும் கேட்டுப் பெறுக.

அஞ்சல் ரசீது உறையை மட்டுமே மெய்ப்பிக்கும், உள்ளடக்கத்தை அன்று. ஆகவே மனுவின் தலைப்பிலேயே ‘பதிவுடன் கூடிய விரைவு அஞ்சல் வழி’ என எழுதி, இணைப்புகளைப் பட்டியலிட்டு, கையொப்பமிட்ட நகலில் ரசீது எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். பட்டுவாடா விவரத்தை இணையத்திலிருந்து உடனே அச்செடுத்துக்கொள்க. நேரில் கொடுத்தால், முத்திரையும் தேதியும் இட்ட நகலைப் பெறாமல் திரும்பலாகாது.

பதில் வராவிடில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன், அந்நாளுக்குரிய தபால் பதிவேட்டின் நகலையும் மனுவின் மீதான நடவடிக்கை விவரத்தையும் கோரலாம். வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமில்லை. 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். தராவிடில் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு; அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. நிதியுதவி தொடர்பான குறைகளை மாவட்டக் குறைதீர் கண்காணிப்புக் குழுவிடமும் முறையிடலாம்.

இவற்றிற்குப் பின்னும் மனு கிடப்பில் கிடந்தால், குறித்த காலத்திற்குள் முடிவெடுக்குமாறு அதிகாரிக்கு உத்தரவிடக் கோரி, அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அங்கு முதலில் கேட்கப்படுவது மனுவின் நகலும் அது சேர்ந்ததற்கான சான்றுமே. வழக்கறிஞர் கட்டணம் தடையாக வேண்டியதில்லை: சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் (1987) 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையோர்.