உறைந்த பாய்லர் வடிநீர்க் குழாய்

பிரிட்டனில் வீட்டை வெப்பமூட்டும் எரிவாயு பாய்லரின் வடிநீர், கடுங்குளிரில் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ள, பாய்லர் நின்றுபோகும் கோளாறு இது. பழைய பாய்லர்களில் எரிவாயு எரிந்து உண்டாகும் நீராவி புகையோடு வெளியேறிவிடும். வடிநீர் பாய்லர்களோ அந்த ஆவியைக் குளிர்வித்து, அதிலுள்ள வெப்பத்தையும் வாங்கிக்கொள்கின்றன. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பும் நீர் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். மிஞ்சும் நீரே வடிநீர். அது சற்றே அமிலத்தன்மை உடையது; செப்பை அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் குழாயில் விடுகிறார்கள்.

கோளாறுக்குக் குளிரே காரணம் என்பார்கள். குழாய் போன வழியே காரணம் என்பதற்கு வரலாறு சான்று. 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள் பெரும்பாலும் வடிநீர் வகையாகவே இருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் வகுத்தன. பழைய பாய்லர் தொங்கிய அதே சுவரில் புதியதை மாட்டினார்கள். பழையதற்கு வடிகால் தேவைப்பட்டதில்லை, புதியதற்குத் தேவைப்பட்டது. கைக்கு எட்டிய தீர்வாக, 21.5 மில்லிமீட்டர் குழாயைச் சுவரில் துளையிட்டு வெளியே இறக்கினார்கள். சொட்டுச் சொட்டாக வரும் நீர் அந்த ஒல்லிக் குழாயில் உறையாமல் என்ன செய்யும்? 2010 டிசம்பரில் ஏராளமான பாய்லர்கள் நின்றன. 1910 முதலான பதிவுகளில் பிரிட்டன் கண்ட மிகக் குளிர்ந்த டிசம்பர் அது. அத்தகைய குளிருக்கு யார் திட்டமிட முடியும் என்று கேட்கலாம். ஆனால், குழாயை வீட்டுக்குள்ளேயே கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருந்தால் அதே குளிரிலும் அது உறைய வழியில்லை. குழாய்க்கு உறை போட்டால் போதாதா என்றால், உறை வெப்பம் போவதைத் தாமதப்படுத்துமே தவிர வெப்பம் தராது. நீரைத் தேக்கி மொத்தமாகத் திறந்துவிடும் சைஃபன் உறையைவிடப் பயன் தரும். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் குழாய் 32 மில்லிமீட்டராக, குட்டையாக, மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் சரிவோடு, உறையுடன் இருக்க வேண்டும் என்பது பிற்கால வழிகாட்டல்.

அடைபட்ட பாய்லர் 'களக் களக்' என்று கொப்பளிக்கும். திரையில் பிழைக்குறி தெரியும். அடைப்பு பெரும்பாலும் குழாயின் திறந்த முனையிலோ முழங்கை வளைவிலோ தொய்ந்த இடத்திலோ இருக்கும். அங்கே வெளிப்புறமாக வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம், அல்லது வெந்நீர்ப் பையை வைக்கலாம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக்கில் விரிசல் விழலாம். ஊற்றிய நீர் தரையில் உறைந்து வழுக்கும். ஏணி வேண்டிய உயரத்தில் குழாய் இருந்தால் பொறியாளரை அழைப்பதே சரி. பனிக்கட்டி கரைந்தபின் ரீசெட் பொத்தானை அழுத்தினால் பாய்லர் ஓடத் தொடங்கும்.